தகர டப்பாவின் எடைக் கணக்கு

25 கிலோ என்றால் அரை மூட்டை சிமென்ட். அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, எதிரே இருக்கும் தட்டில் வைக்க வேண்டும். வைத்து நிமிர்ந்த நான்காவது வினாடி அடுத்த அரை மூட்டை கீழிருந்து வந்து நிற்கும். காலுக்கடியில் தரை ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாயும். சுற்றிலும் மெல்லிய இரும்புத் தகட்டுப் பெட்டி, உள்ளே வெடிமருந்து நெடி, காதை அடைக்கும் சத்தம். இரண்டாம் உலகப்போர் காலத்து அமெரிக்க நாசகாரிக் (destroyer) கப்பலில், 5 அங்குலப் பீரங்கிக் கூண்டுக்குள் குண்டு ஏற்றுகிறவரின் வேலை இது. நிமிடத்துக்கு 15 குண்டு என்பது கணக்கு. கை பழகிய குழு கொஞ்ச நேரத்துக்கு 20-ஐயும் தாண்டும்.

அந்தக் கப்பல்களை அவற்றின் மாலுமிகளே தகர டப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். கேலிதான், ஆனால் பொய்யில்லை. பெரும் போர்க்கப்பல்களுக்கு ஒரு சாணுக்கும் மேல் தடிமனான எஃகுக் கவசம் இருந்த காலத்தில், அமெரிக்காவின் ஃப்ளெச்சர் வகை நாசகாரியின் இயந்திர அறைகளுக்குப் பக்கவாட்டில் இருந்தது 19 மில்லிமீட்டர் தகடு. சிதறல்களைத் தடுக்கும். நேராக வரும் பீரங்கிக் குண்டை ஒன்றும் செய்யாது.

போர்க்கப்பல்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் பீரங்கிகளை எண்ணத் தொடங்கிவிடுகிறோம். எத்தனை குழல், எத்தனை அங்குலம், எவ்வளவு தூரம். நாசகாரியைப் புரிந்துகொள்ள அந்த எண்ணிக்கை போதாது. அதில் ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் வேறெதையோ விட்டுக்கொடுத்திருப்பார்கள். எதற்காக எதை விட்டார்கள் என்று பார்த்தால், அந்தக் கடற்படை யாரைக் கண்டு பயந்தது என்பது தெரிந்துவிடும்.

முதலில் பயந்தது டார்பிடோவைக் கண்டு. 1866-ல் ராபர்ட் வைட்ஹெட் நீருக்கடியில் தானாக ஓடிப்போய் வெடிக்கும் டார்பிடோவை உருவாக்கிய பிறகு, பல ஆயிரம் டன் கப்பலை ஒரு சின்னப் படகு மூழ்கடிக்கலாம் என்ற நிலை வந்தது. அந்தப் படகுகளைத் துரத்தி அடிக்க பிரிட்டன் 1893-ல் ஹாவக் என்ற கப்பலைக் கடலில் இறக்கியது. வகையின் பெயரே 'டார்பிடோப் படகு நாசகாரி'. துரத்தப் போன கப்பலிலும் டார்பிடோ இருந்ததால், சீக்கிரமே அந்தப் படகுகளின் வேலையையும் இதுவே எடுத்துக்கொண்டது. பெயரின் முன்பாதி உதிர்ந்து, எதை நாசம் செய்கிறது என்று சொல்லாமலே 'நாசகாரி' என்பது நின்றுவிட்டது. நல்லதுதான். அதற்குப் பிறகு அதன் தலையில் கட்டிய வேலைகளையெல்லாம் சேர்த்துப் பெயர் வைக்க முடியாது.

எடைக் கணக்கை மிக மோசமாகத் தவறவிட்டது ஜப்பான் என்று சொல்ல வேண்டும். தவறிலிருந்து வேகமாகக் கற்றதும் அவர்கள்தான். 1928-ல் வந்த ஃபுபுகி வகை, உலகில் மற்ற எல்லா நாசகாரிகளையும் ஒரே நாளில் பழசாக்கியது. மூடிய இரட்டைக் கூண்டுகளில் ஆறு 12.7 செ.மீ. பீரங்கிகள், 610 மி.மீ. விட்டமுள்ள ஒன்பது டார்பிடோக் குழாய்கள். இரண்டு ஆண்டுகளில் லண்டன் கடற்படை ஒப்பந்தம் வந்தது. நாசகாரிகளின் எடை 1,500 டன்னைத் தாண்டக் கூடாது, மொத்தத்தில் 16 சதவீதம் மட்டும் 1,850 டன் வரை போகலாம் என்றது. எண்ணிக்கையில் அமெரிக்காவுக்குக் கீழே நிற்க வேண்டிய ஜப்பான், சிறிய உடலில் பெரிய ஆயுதத்தை ஏற்றி ஈடுகட்டப் பார்த்தது. 1934 மார்ச்சில் தோமோசுரு என்ற புதிய டார்பிடோப் படகு புயல் கடலில் குப்புறக் கவிழ்ந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் பயிற்சிக்குப் போன கப்பற்படை சூறாவளியில் சிக்கி, ஃபுபுகி வகையைச் சேர்ந்த இரண்டு கப்பல்களின் அணியம், அதாவது முன்முனை, ஒடிந்தே போனது. மேலே பாரம், கீழே மெலிந்த உடல். எதிரி ஒரு குண்டும் சுடாமலே நடந்த சேதம் இது. அதன் பிறகு கிட்டத்தட்ட எல்லாக் கப்பல்களையும் திரும்ப எடுத்து வலுவூட்ட வேண்டியிருந்தது.

அமெரிக்கர்கள் ஃப்ளெச்சர் வகையை வரைய உட்கார்ந்தபோது ஐரோப்பாவில் போர் தொடங்கி, ஒப்பந்த வரம்புகள் காற்றில் பறந்திருந்தன. இதற்கு முந்தைய வகைகள் சுமார் 1,620 டன். ஃப்ளெச்சர் 2,050 டன். கிடைத்த 400 டன்னுக்கு மேற்பட்ட இடத்தில் இன்னும் இரண்டு பீரங்கி வைத்திருப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். வைக்கவில்லை. முந்தைய வகையின் மூல வடிவத்தில் இருந்த அதே ஐந்து பீரங்கிதான். கூடுதல் எடை போனது உறுதியான உடலுக்கும், முன்னிருந்து பின்வரை ஒரே மட்டமாக ஓடும் மேல்தளத்துக்கும், 50,000-லிருந்து 60,000 குதிரைத் திறனாக ஏறிய இயந்திரத்துக்கும், இயந்திர அறையைச் சுற்றிய தகட்டுக்கும். இன்ன ஆயுதம் பின்னால் தேவைப்படும் என்று தெரியாமலே அதற்கான தாங்குசக்தியை விட்டுவைத்தது போல இருக்கிறது. இந்தப் போரின் கப்பல் வடிவமைப்புகளில் எனக்கு மிகப் பிடித்த முடிவு அதுதான். 175 கப்பல்கள் இந்த ஒரே வரைபடத்திலிருந்து வந்தன. பெயர் கொடுத்த ஃப்ளெச்சர் 1942 ஜூனில் பணியில் சேர்ந்தது.

60,000 குதிரைத் திறன் என்பது எவ்வளவு? ஜப்பானின் யமாதோ, உலகிலேயே பெரிய பேட்டில்ஷிப், முழுச்சுமையில் சுமார் 72,000 டன். அதன் இயந்திரம் 1,50,000 குதிரைத் திறன். அதாவது டன்னுக்கு இரண்டு. முழுச்சுமையில் ஏறத்தாழ 2,500 டன் வரும் ஃப்ளெச்சருக்கு டன்னுக்கு 24. கப்பலின் நடு உடல் முழுவதும் கொதிகலனும் டர்பைனும்தான். 300-க்கும் மேற்பட்ட ஆட்கள் மிச்சமிருந்த சந்துபொந்துகளில் படுத்தார்கள். வேகம் 36 நாட் (மணிக்கு 36 கடல்மைல்) அளவுக்கும் மேல், அதாவது மணிக்கு சுமார் 67 கிலோமீட்டர். 115 மீட்டர் நீள இரும்பு அந்த வேகத்தில் கடலைக் கிழித்துப் போவதுதான் அதற்கிருந்த கவசம்.

இயந்திரங்களை அடுக்கிய வரிசையில் ஒரு சூட்சுமம் இருந்தது. கொதிகலன் அறைகளை ஒன்றாகவும் டர்பைன் அறைகளை ஒன்றாகவும் வைத்தால் குழாய் மிச்சம், இடம் மிச்சம். ஆனால் ஓர் அடியில் எல்லாக் கொதிகலன்களும் போய்விடும். அதனால் கொதிகலன், டர்பைன், மறுபடி கொதிகலன், மறுபடி டர்பைன் என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். முன்பாதி ஒரு சுழல்தண்டைச் சுற்றும், பின்பாதி இன்னொன்றை. பின்பாதி செத்தாலும் முன்பாதி கப்பலை இழுத்துப் போகும். இதன் விலை கூடுதல் நீளமும் எடையும். அந்த விலை எங்கே வசூலானது என்பதைப் பிறகு பார்ப்போம்.

இனி பீரங்கி. 5 அங்குல விட்டம், குழலின் நீளம் அதைப்போல 38 மடங்கு. குழல் குட்டையானது. பிரிட்டனும் ஜப்பானும் வைத்திருந்தவற்றோடு ஒப்பிட்டால் இதன் குண்டு மெதுவாகத்தான் போகும். ஆனால் 85 பாகை வரை, கிட்டத்தட்டச் செங்குத்தாக நிமிரும். எந்தக் கோணத்தில் நிமிர்ந்து நின்றாலும் இயந்திரத் தள்ளி குண்டை உள்ளே தள்ளிவிடும். ஜப்பானிய 12.7 செ.மீ. பீரங்கிகளில் பலவும் 75 பாகை வரை நிமிர்ந்தவைதான். ஆனால் ஒருமுறை சுட்டதும் குழலைக் கீழே இறக்கித்தான் அடுத்த குண்டை ஏற்ற முடியும். மறுபடி நிமிர்வதற்குள் விமானம் தலைக்கு மேல் கடந்திருக்கும். பிரிட்டனின் டிரைபல் வகை நாசகாரிகளின் 4.7 அங்குலப் பீரங்கிகளோ 40 பாகையோடு நின்றுவிட்டன. கப்பலைச் சுடவும் விமானத்தைச் சுடவும் ஒரே பீரங்கி என்று அமெரிக்கர்கள் எடுத்த முடிவு அடுத்த மூன்று ஆண்டுகளில் எத்தனை கப்பல்களைக் காப்பாற்றியது என்று கணக்கெடுக்க முடியாது.

பீரங்கியைவிட முக்கியமானது கீழ்த்தளத்தில் இருந்தது. சுமார் 1,400 கிலோ எடையுள்ள ஓர் இரும்புப் பெட்டி, உள்ளே முழுக்கப் பற்சக்கரங்களும் நெம்புருளைகளும். மார்க் 1 கணிப்பான். மேலே, தளபதி நிற்கும் இடத்துக்கும் உயரத்தில், ஒரு சுழலும் கூண்டிலிருந்து இலக்கின் தூரமும் திசையும் வந்துகொண்டே இருக்கும். ராடார் வந்த பிறகு இருட்டிலும் புகையிலும் வந்தது. தன் கப்பலின் வேகம், எதிரியின் வேகம், காற்று, குழலின் தேய்மானம் எல்லாவற்றையும் கணிப்பான் உள்வாங்கி, குண்டு போய்ச் சேரும் நேரத்தில் இலக்கு எங்கே இருக்கும் என்று ஓயாமல் சொல்லும். ஐந்து பீரங்கிகளும் மோட்டார் வழியாக அந்த விடையைத் தாமே பின்தொடரும். விமானத்தைச் சுடும்போது குண்டு எத்தனை வினாடியில் வெடிக்க வேண்டும் என்ற திரியமைப்பைக்கூட, கீழிருந்து மேலே ஏறும் தூக்கியே வழியில் திருகிவிடும். நாம் முதலில் பார்த்த ஆளுக்குத் தூக்கி வைப்பது மட்டும்தான் வேலை. 1943 ஜனவரியில் அதிலும் ஒரு மாற்றம் வந்தது. விமானத்தை நெருங்கியதும் தானே உணர்ந்து வெடிக்கும் ரேடியோத் திரி பசிபிக்கில் முதல்முறை பயன்பட்டது. நேரம் குறிக்கும் வேலையே குறைந்துபோனது.

மூளை ஒன்று, கைகள் ஐந்து. மூளை அறுந்தால்? ஒவ்வொரு கூண்டிலும் தனிக் குறிநோக்கி உண்டு. மின்சாரம் போனால் கையால் சுற்றும் சக்கரமும் உண்டு. ஐந்து தனித்தனிக் கூண்டுகள் என்பது எடையில் நஷ்டம். இரட்டைக் கூண்டுகளாக வைத்தால் ஆறு பீரங்கியை இன்னும் சிக்கனமாக வைக்கலாம். பின்னர் வந்த சம்னர் வகையில் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் தனிக்கூண்டில் ஓர் அடிக்கு ஒரு பீரங்கிதான் போகும்.

டார்பிடோ விஷயத்தில் அமெரிக்கர்கள் பின்தங்கியிருந்தார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஃப்ளெச்சரில் ஐந்தைந்தாக இரண்டு தொகுதி, மொத்தம் பத்துக் குழாய். அதில் போகும் மார்க் 15 டார்பிடோ 45 நாட் வேகத்தில் ஓடினால் ஐந்தரை கிலோமீட்டர் போகும். ஜப்பானின் 93-ம் வகை டார்பிடோ, காற்றுக்குப் பதில் தூய ஆக்ஸிஜனில் எரிபொருளை எரித்து, ஏறத்தாழ 50 நாட் வேகத்தில் 20 கிலோமீட்டர் ஓடியது. தலையில் 490 கிலோ வெடிமருந்து. குமிழித் தடமும் அரிதாகவே தெரியும். போதாததற்கு மார்க் 15 குறித்த ஆழத்துக்கும் கீழே ஓடியது. காந்தப்புலத்தை உணர்ந்து வெடிக்க வேண்டிய அதன் தூண்டுகோல் சரியாக வேலை செய்யவில்லை. விலை அதிகம் என்று அமைதிக்காலத்தில் நிஜ வெடிமருந்தோடு சோதிக்காமல் விட்ட சிக்கனத்தின் பலன். 1942 நவம்பர் 30 இரவு சாலமன் தீவுகளின் தஸ்ஸஃபரோங்காவில், ஜப்பானியத் தளபதி ரைசோ தனாகாவின் எட்டு நாசகாரிகள் ஒரு கப்பலை மட்டும் இழந்து, நாசகாரியைவிடப் பெரிய போர்க்கப்பலான ஓர் அமெரிக்கக் குரூசரை மூழ்கடித்து மூன்றை முடமாக்கின. 1943 ஆகஸ்டில் அதே தீவுக்கூட்டத்தின் வெல்லா வளைகுடாவில் ஆறு அமெரிக்க நாசகாரிகள், ராடாரை மட்டும் நம்பி இருட்டில் பதுங்கி வந்து, டார்பிடோக்களால் மூன்று ஜப்பானிய நாசகாரிகளைத் தீர்த்துக்கட்டியபோதுதான் அந்தக் கடன் கொஞ்சம் அடைந்தது.

நீர்மூழ்கிகளுக்கு எதிரான ஆயுதத்தில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. குறித்த ஆழத்தில் வெடிக்கும் டிரம்கள். அமரத்தில், அதாவது பின்முனையில், இரண்டு சரிவுத் தண்டவாளங்களில் உருட்டிவிடுவார்கள், பக்கங்களில் இருந்த ஆறு எறிவான்களால் தூக்கி எறிவார்கள். இங்கே ஒரு பிரபலக் கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. 1943-ல் ஓ'பேனன் என்ற ஃப்ளெச்சர் கப்பல், நீருக்கு மேல் மிதந்த ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மிக அருகில் போய்விட்டது; பீரங்கிகளை அவ்வளவு கீழே தாழ்த்த முடியாததால், மாலுமிகள் உருளைக்கிழங்கை எடுத்து வீசினார்கள், எதிரி அதைக் கையெறி குண்டு என்று நினைத்துப் பதறினான் என்று. கிழங்கு விவசாயிகள் பாராட்டிப் பட்டயமே கொடுத்தார்கள். கப்பலின் தளபதியோ கடைசிவரை அதை மறுத்தார். கிழங்கு பொய்யாகவே இருக்கட்டும். பீரங்கிக்குக் கீழேயும் ஓர் எல்லை உண்டு என்பது மட்டும் மெய்.

இந்தக் கணக்குகள் எல்லாம் ஒரே காலையில் சோதனைக்கு வந்தது 1944 அக்டோபர் 25-ல், பிலிப்பைன்ஸின் சமார் தீவுக்கு அப்பால். ஆறு சிறிய விமானந்தாங்கிகள், அவற்றுக்குக் காவலாக மூன்று ஃப்ளெச்சர் நாசகாரிகள், அவற்றைவிடச் சிறிய நான்கு துணைக்கப்பல்கள். எதிரே வந்தது யமாதோ உட்பட நான்கு பேட்டில்ஷிப், ஆறு கனரகக் குரூசர், இரண்டு இலகுரகக் குரூசர், பதினோரு நாசகாரி. ஜான்ஸ்டன் என்ற ஃப்ளெச்சரின் தளபதி எர்னஸ்ட் எவன்ஸ் முதலில் புகைத்திரை போட்டார். பிறகு உத்தரவுக்குக் காத்திருக்காமல் கப்பலைத் திருப்பி நேரே எதிரியை நோக்கி விட்டார்.

அவருடைய 5 அங்குலக் குண்டு குரூசரின் கவசத்தைத் துளைக்காது. ஆனால் மேற்கட்டுமானத்தில் கவசம் இல்லை. கணிப்பான் இலக்கைப் பிடித்துக்கொள்ள, ஐந்து நிமிடத்தில் 200-க்கும் மேற்பட்ட குண்டுகள் குமானோ என்ற குரூசர் மீது பொழிந்தன. ஒன்பது கிலோமீட்டர் தூரத்துக்கு நெருங்கியதும் பத்து டார்பிடோக்களும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. குமானோவின் அணியம் சிதறியது. அது சண்டையை விட்டே விலகியது. ஜான்ஸ்டன் தன் புகைக்குள் திரும்பி மறைந்தது.

புகையிலிருந்து வெளியே வந்தபோது அடி விழுந்தது. பேட்டில்ஷிப் ஒன்றின் பெருங்குண்டுகள் மூன்று, அதைத் தொடர்ந்து சிறிய குண்டுகள் மூன்று. பின்பக்கக் கொதிகலன் அறையும் டர்பைன் அறையும் போயின. வேகம் பாதியாகி 17 நாட். ஆனால் பாதி இருந்தது. அறைகளை மாற்றி மாற்றி வைத்த அந்த வரைபடம் இங்கேதான் தன் விலையைத் திருப்பித் தந்தது. பின்பக்க மூன்று பீரங்கிகளுக்கு மின்சாரம் அறுந்தது. ஆட்கள் கையால் சுற்றிச் சுட்டார்கள். சுக்கானுக்கும் மின்சாரம் இல்லை. எவன்ஸின் இடது கையில் இரண்டு விரல்கள் போயிருந்தன. மேல்தட்டு தீயில் எரியவே, அவர் அமரத்துக்கு நடந்து போய், தளத்தின் திறப்பு வழியாகக் கீழே குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். கீழே ஆட்கள் சுக்கானைக் கையால் திருப்பினார்கள். இந்த நிலையில்தான் ஜான்ஸ்டன், விமானந்தாங்கிகளை நோக்கிப் போன ஜப்பானிய நாசகாரி வரிசை ஒன்றின் குறுக்கே போய்ச் சுட்டது. அவை தூரத்திலேயே தங்கள் டார்பிடோக்களை விட்டுவிட்டுத் திரும்பின.

தகரமாக இருந்ததும் அன்று ஒருவகையில் உதவியது. கனத்த எஃகைத் துளைப்பதற்கென்றே செய்த குண்டுகள் பலவும், கவசமில்லாத கப்பல்களில் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெடிக்காமலே வெளியேறின. ஆனாலும் எண்ணிக்கை எண்ணிக்கைதான். 10:10-க்கு ஜான்ஸ்டன் மூழ்கியது. 327 பேரில் 186 பேர் திரும்பவில்லை. எவன்ஸும் அதில் ஒருவர். ஜப்பானியப் படை திரும்பிப் போய்விட்டது. 2021-ல் 6,460 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில் அணியத்தில் 557 என்ற அதன் எண் இன்னும் வாசிக்கும்படி இருக்கிறது.

சமாருக்கு முன்பே நாசகாரிகளின் நிஜ எதிரி மாறிவிட்டிருந்தது. வானத்தைப் பார்க்கத் தெரியாத கப்பலுக்கு என்ன நடக்கும் என்பதை நம் பக்கத்துக் கடலே பார்த்தது. 1942 ஏப்ரல் 9-ல், திருகோணமலையிலிருந்து தெற்கே விலகி ஓடிய விமானந்தாங்கி ஹெர்மிஸும் அதற்குத் துணைபோன ஆஸ்திரேலிய நாசகாரி வாம்பயரும் மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களிடம் சிக்கின. வாம்பயர் 1917-ல் கடலில் இறங்கிய கிழம். அதன் நான்கு 4 அங்குலப் பீரங்கிகள் கப்பல்களைச் சுடுவதற்கென்று வைத்தவை. இரண்டு கப்பலும் சற்று நேர இடைவெளியில் மூழ்கின. தப்பியவர்களை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் பொறுக்கி எடுத்தது.

அதனால் ஃப்ளெச்சரில் விட்டுவைத்த அந்தத் தாங்குசக்தி முழுவதும் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளுக்குப் போனது. சுவீடனின் 40 மி.மீ. போஃபர்ஸ், சுவிட்சர்லாந்தின் 20 மி.மீ. ஓர்லிகன். 1943 வாக்கில் பத்து போஃபர்ஸ் குழல், ஏழு ஓர்லிகன். எல்லாம் மேல்தளத்திலும் அதற்கும் மேலேயும். கூடவே ராடார்கள், அவற்றின் ஆட்கள், குண்டுப் பெட்டிகள். கப்பல் மேலே மேலே கனத்தது. அதைக் கீழே பிடித்து நிறுத்தியது அடித்தொட்டிகளில் இருந்த எண்ணெய். 1944 டிசம்பர் 18-ல் பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே சூறாவளியில் மாட்டியபோது ஸ்பென்ஸ் என்ற ஃப்ளெச்சரின் தொட்டிகளில் எண்ணெய் அடிமட்டத்தில் இருந்தது. காலித் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொள்வதையும் தாமதித்துவிட்டார்கள், நிரப்பினால் மறுபடி எண்ணெய் ஏற்ற நேரமாகும் என்பதால். ஸ்பென்ஸும் இரண்டு பழைய நாசகாரிகளும் கவிழ்ந்தன. அந்தச் சூறாவளியில் மொத்தம் 790 பேர் இறந்தார்கள். பத்தாண்டுக்கு முன் ஜப்பான் கட்டிய அதே கட்டணம்.

1945-ல் ஒகினாவாவைச் சுற்றித் தற்கொலை விமானங்கள் வரத் தொடங்கியபின் மேலே ஏற்ற இன்னும் துப்பாக்கி வேண்டும், ஏற்றவோ எடை இல்லை. அடிபட்டுப் பழுதுபார்க்க வந்த ஃப்ளெச்சர்களில் முன்பக்க டார்பிடோத் தொகுதியைக் கழற்றிக் கரையில் வைத்தார்கள். அந்த எடையில் நான்கு குழல் போஃபர்ஸ் தொகுதிகள் இரண்டு ஏறின. கிட் என்ற கப்பல் அவற்றில் ஒன்று. அந்த ஏப்ரலில் ஒரே விமானம் மோதி அதில் 38 பேர் இறந்திருந்தார்கள். லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரம் அதை 1945-ல் இருந்த கோலத்திலேயே அருங்காட்சியகமாகப் பாதுகாக்கிறது. இரண்டு புகைபோக்கிகளுக்கும் நடுவே தளம் வெறுமையாகக் கிடக்கிறது. ஐந்து டார்பிடோக் குழாய்கள் இருந்த இடம் அது.